மன அதிர்ச்சிக்குக் காளானா, சிகிச்சை அறையா: காரைக்குடியிலிருந்து ஓர் ஒப்பீடு

விபத்தையோ வன்முறையையோ நேரில் கண்டவர்களுக்கு, மாதங்கள் கழிந்த பின்னும் அந்தக் காட்சி தானாக வந்து கண்முன் நிற்பதும், தூக்கம் கெடுவதும், சிறு சத்தத்துக்கே உடம்பு தூக்கிப்போடுவதும் பி.டி.எஸ்.டி. என்னும் நோயின் அடையாளங்கள். திருமயம் அருகே நெடுஞ்சாலையில் நடந்த விபத்தில் என் சித்தப்பா இறந்தபோது நான் முன் இருக்கையில் இருந்தேன். அதன் பிறகு லாரியின் ஏர் ஹாரன் கேட்டாலே கை நடுங்கும். ஆத்தங்குடிக் கல் பதிக்கும் தொழிலில் இருப்பவன் திருச்சிச் சாலையில் போகாமல் பிழைக்க முடியாது என்பதால், ஏதாவது ஒரு சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டியிருந்தது. மதுரையில் ஓர் உளவியலாளரிடம் கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். என்னும் உளசிகிச்சையும், கூடவே மனநல மருத்துவர் எழுதித்தந்த செர்ட்ராலின் என்னும் மனச்சோர்வு எதிர்ப்பு மாத்திரையும் எடுத்துக்கொண்டேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்துவிடும்; ஆனாலும் போதைக் காளான் உள்பட நான் விலக்கியவற்றை ஏன் விலக்கினேன் என்பதை விளக்கமாகச் சொல்வது, இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும்.

அப்பத்தா முதலில் சொன்னது மந்திரிப்பதைத்தான். வேப்பிலையும் திருநீறும் மனத்துக்கு ஆறுதல் தந்தன. இரவில் வரும் காட்சி மட்டும் நிற்கவில்லை. அதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் அத்தை மகன் சொன்ன வழி வேறு. "அண்ணே, கொடைக்கானலுக்கு வாங்க, ரெண்டு நாள்ல மனசு லேசாயிடும்" என்றான். அவன் குறிப்பிட்டது, மனநிலையை மாற்றும் சைலோசைபின் என்னும் போதைப்பொருள் கொண்ட காளானை. இவ்வகைப் பொருட்களைப் பற்றிய பேச்சு வெறும் வதந்தி அன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எம்.டி.எம்.ஏ. என்னும் இன்னொரு போதைப்பொருளோடு சேர்த்துத் தரப்பட்ட உளசிகிச்சை குறித்து, 2021இல் வெளியான மூன்றாம் கட்ட ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 67 சதவீதத்தினர் பி.டி.எஸ்.டி. நோயாளி என்ற வரையறைக்குள் அதன்பின் வரவில்லை. மருந்துப்போலி, அதாவது மருந்தில்லாத வெறும் மாத்திரை, பெற்றவர்களில் இது 32 சதவீதம். 2023இல் வெளியான அடுத்த ஆய்வில் இவ்விகிதங்கள் முறையே 71, 48. ஆஸ்திரேலியா 2023 ஜூலை 1 முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி.க்கு எம்.டி.எம்.ஏ.வையும், மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வுக்கு சைலோசைபினையும் எழுதித்தர வழிவகுத்தது. அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்.டி.ஏ.வோ 2024 ஆகஸ்டில் எம்.டி.எம்.ஏ.வுக்கான விண்ணப்பத்தை ஏற்க மறுத்து, இன்னொரு பெரிய ஆய்வைக் கேட்டது. தாம் பெற்றது மருந்தா போலியா என்பதைப் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஊகித்துவிட முடிந்ததும், பாதுகாப்புத் தரவுகளில் இருந்த இடைவெளிகளும் அங்கே எழுந்த கேள்விகளில் முக்கியமானவை.

இந்த எண்களைப் படிக்கும்போது பலரும் தாண்டிவிடும் ஒரு செய்தி இருக்கிறது. என் முடிவைத் தீர்மானித்ததே அதுதான். அந்த ஆய்வுகளில் எவருக்கும் மருந்தை மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பவில்லை. மருந்துக்கு முன் மூன்று ஆயத்த அமர்வுகள். பிறகு ஏறத்தாழ ஒரு மாத இடைவெளியில், ஒவ்வொன்றும் எட்டு மணி நேரம் நீளும் மூன்று மருந்து அமர்வுகள். அவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் தலா மூன்று பேச்சு அமர்வுகள். இவை எல்லாவற்றிலும் பயிற்சி பெற்ற இருவர் உடனிருந்தார்கள். போலி மருந்து பெற்றவர்களும் இதே கவனிப்பைப் பெற்றார்கள், அவர்களிலும் 2023 ஆய்வில் ஏறக்குறைய பாதிப்பேர் தேறினார்கள் என்றால், அந்த உடனிருப்புக்கும் பேச்சுக்கும் எவ்வளவு வலு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கொடைக்கானல் விடுதி அறையில் கிடைப்பது, இந்த ஏற்பாட்டிலிருந்து எல்லாவற்றையும் கழித்துவிட்டு எஞ்சும் பொருள் மட்டுமே, அதுவும் எம்.டி.எம்.ஏ. அன்று, பி.டி.எஸ்.டி.க்கான ஆய்வில் அந்த அளவுக்கு இன்னும் முன்னேறாத வேறொரு பொருள்.

மன அதிர்ச்சியைக் கிளறினால் அது அன்றைக்கே அடங்கிவிடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிளறப்பட்ட நினைவு செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் எழுப்பும்போது யாரைக் கூப்பிடுவது? எங்கள் ஊரின் பெரிய வீடுகளில் பாதிக்கு மேல் ஆள் இல்லை. எல்லாரும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வந்து போகிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது நானும் எண்பது வயதைத் தாண்டிய அப்பத்தாவும்தான். சைலோசைபினின் தாக்கம் நான்கு முதல் ஆறு மணி நேரம் நீடிக்கும், எல்.எஸ்.டி. என்னும் மற்றொரு போதைப்பொருளின் தாக்கமோ அதற்கும் மேல். நடுவில் போதும் என்று நிறுத்த வழியில்லை. அச்சம் மிகுந்தால் அந்நேரம் முழுவதும் அதற்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

இ.எம்.டி.ஆர். அறையில் நிறுத்தும் உரிமை என் கையில் இருந்தது. 1980களின் இறுதியில் ஃபிரான்சின் ஷாப்பிரோ உருவாக்கிய இந்த முறையை, உலக சுகாதார நிறுவனம் 2013இல் பி.டி.எஸ்.டி.க்குப் பரிந்துரைத்தது. விபத்தைப் பற்றி எடுத்த எடுப்பில் யாரும் கேட்கவில்லை. பதற்றம் ஏறும்போது உடம்பை இந்த நேரத்துக்குக் கொண்டுவரும் பயிற்சிதான் முதலில்: வீட்டில் வெறுங்காலோடு பட்டாலையில் நின்று, கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் எங்கெங்கே படுகிறது என்று கவனிக்கச் சொன்னார். நாள் முழுதும் கல்லோடு புழங்கும் எனக்கு அது எளிதாக வந்தது. பிறகே நினைவைத் தொட்டோம். உடைந்த கண்ணாடி என்ற ஒரே காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு, இடவலமாக நகரும் அவரது இரு விரல்களைக் கண்ணால் தொடர வேண்டும். சற்று நிறுத்தி, இப்போது என்ன வருகிறது என்று கேட்பார். வேதனை பத்துக்கு எவ்வளவு என்றும் கேட்பார். ஒன்பது என்று தொடங்கியது, பல வாரங்கள் கழித்து மூன்றுக்கு வந்தது. கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவார். நினைவை மூடி, என்னை நிதானத்துக்குக் கொண்டுவராமல் எந்த அமர்வையும் அவர் முடித்ததில்லை.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். தொடக்க வாரங்களில் கனவுகள் கூடின. மதுரைக்குப் போய்வர ஒரு நாள் முழுதும் போய்விடும்; அந்தப் பேருந்துப் பயணமே எனக்குச் சோதனையாக இருந்தது. தமிழில் நிதானமாகப் பேசும், இம்முறையில் முறையாகப் பயின்ற உளவியலாளரைக் கண்டுபிடிக்கவே நேரம் பிடித்தது. செர்ட்ராலின் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் குமட்டல் வந்துவிடும். கண்ணசைவுதான் குணப்படுத்துகிறதா, அல்லது பாதுகாப்பான இடத்தில் நினைவை மீண்டும் எதிர்கொள்வதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. எனக்கு எது உதவியது என்பதையும் என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. காளானை நான் உட்கொண்டதில்லை என்பதால், அந்த அனுபவத்தின் தன்மை பற்றி எதிராகவோ ஆதரவாகவோ என் பேச்சு எடுபடாது.

மயக்க மருந்தான கீட்டமைன் பற்றியும் கேட்டேன். இவ்வகைப் பொருட்களில் இங்கே மருத்துவர் மேற்பார்வையில் சட்டப்படி கிடைப்பது அது ஒன்றுதான். ஆனால் அமெரிக்கப் படைவீரர்களிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு விரைவில் குறைந்ததே தவிர, பி.டி.எஸ்.டி. அறிகுறிகளில் போலி மருந்தைவிடத் தெளிவான மேன்மை தெரியவில்லை. கடும் மனச்சோர்வும் சேர்ந்திருப்பவர்களுக்கு மருத்துவரின் கணக்கு வேறாக இருக்கலாம்.

சட்டத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை: சைலோசைபின், எல்.எஸ்.டி., எம்.டி.எம்.ஏ. மூன்றும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை. காட்டுக் காளானில் நச்சு இனத்தைத் தவறாகப் பறித்துவிடும் ஆபத்தும் தனியாக இருக்கிறது.

அத்தை மகனிடம் நான் அழுத்திச் சொன்னது வேறு ஒன்று. ஏற்கெனவே மனநல மருந்து எடுப்பவர்கள், இத்தகைய பயணத்துக்காக அதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நிறுத்தாமல் உட்கொள்வதிலும் ஆபத்து உண்டு, குறிப்பாக லித்தியம் எடுப்பவர்கள் சைலோசைபின் உட்கொண்டபோது வலிப்பு வந்ததாகப் பதிவுகள் உள்ளன. குடும்பத்தில் மனச்சிதைவோ இருதுருவ நோயோ இருந்தால், இப்பொருட்களை மேற்பார்வையோடு தரும் ஆய்வுகளே அத்தகையவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. யாராவது முன்பே உட்கொண்டிருந்தால், என்ன, எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லட்டும். அடுத்து எழுதித்தரும் மாத்திரை அதைப் பொறுத்தது. உடனே யாரிடமாவது பேச வேண்டியிருந்தால், டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.