நாலு வருடமாக வீட்டில் வைற் ரஷ்யன்: கொக்குவிலிலிருந்து ஒரு அனுபவப் பகிர்வு

2021 மார்கழி விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான், வரும் வழியில் வாங்கிய கலுவா போத்தல் ஒன்றைத் தந்தான். கலுவா என்பது கோப்பி லிக்கர், அதாவது கோப்பியும் சீனியும் சேர்த்த மது. அன்று இரவு வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்து அவன் கலந்து தந்ததுதான் நான் குடித்த முதல் வைற் ரஷ்யன். வோட்கா, கோப்பி லிக்கர், மேலே கிறீம். மூன்றே சாமான். சாராயமும் சோடாவும் மட்டுமே பழகிய எனக்கு, குளிர்ந்த கிறீம் முதலில் உதட்டில் பட்டு, அதற்குள்ளிருந்து கோப்பி மெல்ல வந்தது மிகவும் பிடித்துப்போனது. அதன்பிறகு, சாமான் கிடைக்கும் காலங்களில், மாதத்தில் இரண்டு தடவையாவது செய்துவருகிறேன். வோட்காவில் காசைக் கொட்டிவிட்டுக் கிறீமையும் ஐஸையும் கவனிக்காமல் விடுபவர்களைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெயரைப் பார்த்து ரஷ்யாவிலிருந்து வந்த பானம் என்று பலர் நினைக்கிறார்கள். ரஷ்யத் தொடர்பு வோட்காவோடு முடிந்துவிடுகிறது. 1949-இல் பிரசெல்ஸ் நகரின் மெற்றோபோல் ஹோட்டலில் குஸ்தாவ் ரொப்ஸ் என்ற பார் ஊழியர், லக்சம்பேர்க்கில் அமெரிக்கத் தூதராக இருந்த பேர்ல் மெஸ்ராவுக்காக வோட்காவையும் கோப்பி லிக்கரையும் கலந்து பிளாக் ரஷ்யன் செய்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அதன் மேல் கிறீம் ஏறியபோது வைற் ரஷ்யன் ஆனது. அந்தப் பெயர் 1965-இல் கலிபோர்னியப் பத்திரிகை ஒன்றில் அச்சில் வந்திருக்கிறது. மச்சான் கொண்டுவந்த கலுவாவோ மெக்சிக்கோவின் வெராக்குரூஸ் பக்கத்துச் சரக்கு, 1936-இலிருந்து இருக்கிறது. ஆக, பெல்ஜியம், மெக்சிக்கோ, அமெரிக்கா எல்லாம் சுற்றி வந்த பானம் இது.

அளவு பற்றி. சர்வதேச பார் ஊழியர் சங்கத்தின் அளவு வோட்கா 50 மில்லிலீற்றர், கோப்பி லிக்கர் 20, கிறீம் 30. முதல் ஒரு வருடம் அப்படியே செய்தேன். பிறகு வோட்காவை 40-ஆகக் குறைத்து லிக்கரை 25-ஆகக் கூட்டினேன். எங்கள் வெயிலுக்கு ஐஸ் விரைவில் கரைவதால் கோப்பியின் சுவைதான் முதலில் காணாமல் போகிறது. கூட்டிய அந்த ஐந்து மில்லி அதை ஈடுசெய்கிறது. வோட்காவுக்கு உள்ளூர்த் தயாரிப்பே போதும். ஒரு தடவை விலை கூடியதையும் உள்ளூர் வோட்காவையும் இரண்டு கிளாஸில் தனித்தனியே கலந்து, எது எதுவென்று சொல்லாமல் வீட்டில் நாலு பேருக்குக் கொடுத்துப் பார்த்தேன். ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கிறீமும் கோப்பியும் சீனியும் சேர்ந்தால் வோட்காவின் நுணுக்கம் எல்லாம் அடியில் போய்விடும்.

இனி கிறீம். நான் அதிகம் பட்டது இதில்தான்.

யாழ்ப்பாணத்தில் பால் வாங்குவது கஷ்டமில்லை, நல்ல கிறீம் எடுப்பதுதான் கஷ்டம். முதலில் ரின்னில் வரும் கிறீம் பாவித்தேன். அது அதிக சூட்டில் பதப்படுத்தியது என்பதால் காய்ச்சின பாலின் மணம் இருக்கும். தடிப்பும் கூட, கரண்டியால் எடுத்துப் போட்டால் கட்டியாகவே விழும். அதைக் கொஞ்சம் குளிர்ந்த பசும்பாலில் கரைத்து, மூடியுள்ள சின்னப் போத்தலில் போட்டு இருபது எண்ணும்வரை குலுக்கினால் ஊற்றும் பதத்துக்கு வரும். இன்றைக்கும் அவசரத்துக்கு இதுதான். ஆனால் பெட்டியில் வரும் விப்பிங் கிறீம் கிடைத்தால் ரின் பக்கம் போவதில்லை. அதன் சுவை சுத்தம், மேலே மிதக்கவும் செய்யும். குறை என்னவென்றால், பெட்டியைத் திறந்தால் மூன்று நாலு நாளுக்குள் முடிக்கவேண்டும். பாதி கிறீமைத் தூக்கி எறிந்த நாட்கள் உண்டு. இப்போது பெட்டி திறக்கும் கிழமையில் மிச்சத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்கலவையில் போட்டுவிடுகிறோம்.

பக்கத்து வீட்டுப் பசும்பாலில் கிறீம் எடுக்கவும் பார்த்தேன். காய்ச்சி ஆறவிட்டு ஆடையை எடுத்தால் சரிவராது. ஆடை நார் நாராகக் கிளாஸில் மிதக்கும், பார்க்கவே பிடிக்காது. காய்ச்சாத பாலை வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி இரவு முழுக்கப் பிரிட்ஜில் அசையாமல் வைத்தால் மேலே மஞ்சள் சாயலில் ஒரு படை எழும்பும். அதை மெல்ல வழித்தெடுத்து, ஆவி பறக்கும்வரை சூடாக்கி, திரும்பவும் குளிரவிட வேண்டும். ஒரு லீற்றரில் அரைக் கோப்பைக்கும் குறைவாகத்தான் எனக்குக் கிடைத்தது. ஆனால் அந்தச் சுவை! நான் செய்ததிலேயே மிகச் சிறந்த வைற் ரஷ்யன் அந்தக் கிறீமில் செய்ததுதான். ஆறுதலாக ஒரு சனிக்கிழமை கிடைத்தால் கட்டாயம் செய்துபாருங்கள்.

வெறும் பாலை ஊற்றினால் ஏன் திரைகிறது என்று கேட்கிறார்கள். கோப்பியில் புளிப்பு இருக்கிறது, வோட்காவில் மதுசாரம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து பாலின் புரதத்தைக் கட்டியாக்கும். கொழுப்புக் கூடிய கிறீமில் அந்தப் புரதம் குறைவு, அதனால் தாங்கும். கொழுப்பெடுத்த பாலில் செய்தால் சிறிது நேரத்தில் கிளாஸின் ஓரத்தில் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும்.

பொருளாதார நெருக்கடி வந்த 2022-ஐ இங்கே எழுதாமல் போக முடியாது. பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கடையில் பால்மாவுக்கே வரிசை, கிறீமைப் பற்றி யார் நினைத்தது? மச்சானின் கலுவாவில் கால்வாசி மிச்சம் அலுமாரியில் இருந்தது. சித்திரைப் புதுவருசத்துக்கு வந்த தம்பிக்கு ஏதாவது கொடுக்கவேண்டுமென்று, வீட்டில் இருந்த கொஞ்சப் பால்மாவைத் தடிப்பாகக் கரைத்து ஐஸ் இல்லாமல் கலந்து கொடுத்தேன். மாவின் மணம் அடித்தது. "பரவாயில்லை அண்ணை, குடிக்கலாம்" என்று குடித்து முடித்தான். வேறொரு நாள் ரின்பாலும் (சீனி சேர்த்த கட்டிப்பால்) போட்டுப் பார்த்தேன். அது நேரே அடியில் போய் இருந்துவிடும், கலக்கினால் பாயசம் மாதிரி இனிக்கும். ரின்பாலை இதற்கு ஒருபோதும் பாவிக்காதீர்கள்.

அந்தப் போத்தல் முடிந்தபின் இன்னொன்று வாங்க விலை விடவில்லை. 2023-இல் கோப்பி லிக்கரை வீட்டிலேயே செய்யத் தொடங்கினேன். இன்று கடைப் போத்தலை விட இதைத்தான் விரும்புகிறேன், மனதாரச் சொல்கிறேன்.

முதல் முயற்சி பிழைத்தது. வீட்டில் இருந்த கோப்பித்தூளையே வோட்காவில் ஊறப்போட்டேன். எங்கள் வீட்டுத் தூளில் மல்லியும் சுக்கும் சேர்த்து இடித்திருக்கும் என்பது பழக்கத்தில் மறந்துபோனது. மூன்று நாள் ஊறியதும் மல்லி முன்னுக்கு நின்றது, கோப்பி பின்னுக்குப் போய்விட்டது. சளி, தடிமனுக்குக் குடிக்கும் மல்லிக் குடிநீரின் நினைவு வந்தது. அதோடு தூள் மிகவும் நைசு என்பதால் துணியை அடைத்துக்கொண்டு வடியவே இல்லை, கசப்பும் ஏறியிருந்தது.

பிறகு கோப்பிக்கொட்டை வாங்கி, தாச்சியில் கடும் மண்ணிறம் வரும்வரை வறுத்து, கறுக்கவிடாமல் இறக்கி, ஒரு நாள் ஆறவிட்டு, உரலில் ரவையைவிடப் பெரிதாக இருக்கும்படி ஒன்றிரண்டாக இடித்தேன். இதுதான் திருப்பம். இப்போது என் கணக்கு இப்படி: 40 கிராம் இடித்த கோப்பி, 375 மில்லி வோட்கா, அதாவது ஒரு அரைப் போத்தல். கண்ணாடிப் போத்தலில் ஒரே ஒரு நாள் ஊறட்டும். அதற்கு மேல் விட்டால் கசப்புத்தான் கூடும். துணியில் வடித்து, பிறகு கோப்பி வடிக்கும் தாளில் இன்னொரு தரம் வடிக்கவும். தூள் குடித்தது போக 300 மில்லிக்குச் சற்றுக் குறைவாக வரும். 200 மில்லி தண்ணீரில் 120 கிராம் சீனியும் 80 கிராம் பனங்கட்டியும் கரைத்து, முழுதாக ஆறியபின் சேர்க்கவும். கணக்குப்படி மதுசாரம் 20 வீதத்துக்குக் கிட்ட நிற்கும். கடை லிக்கர்கள் பலவும் ஏறத்தாழ அந்த அளவுதான்.

பனங்கட்டி போடும்போது ஒரு கவனம் தேவை. பனங்கட்டி காய்ச்ச எடுக்கும் கருப்பணி (பனையின் இனிப்புச் சாறு) புளிக்காமல் இருக்க முட்டிக்குள் சுண்ணாம்பு பூசித்தான் இறக்குவார்கள், பூசாவிட்டால் அது கள்ளாகிவிடும். அந்தச் சுண்ணாம்பின் மிச்சமும் சில நேரம் மண்ணும் பனங்கட்டியில் இருக்கும். பாகைக் காய்ச்சிச் சூட்டோடு ஊற்றாமல், இரவு முழுக்கத் தெளியவிட்டு, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேலால் ஊற்றுங்கள். முழுவதும் பனங்கட்டியில் செய்தும் பார்த்தேன். நல்ல சுவைதான், ஆனால் அது கோப்பியை மூடிவிடுகிறது. சரிபாதிக்கும் சற்றுக் குறைவாகப் போட்டால், விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு புகைமணம் தங்கும். கடைப் போத்தலில் இது கிடைக்காது.

செய்த உடனே குடிக்கவேண்டாம். இதை நல்லூர்த் திருவிழா எனக்குக் கற்றுத்தந்தது. கொடியேறியதிலிருந்து 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சமும் இல்லை, மதுவும் இல்லை. 2023-இல் கொடியேற்றத்துக்கு முதல் கிழமை செய்த லிக்கர் அப்படியே அலுமாரியில் இருந்தது. திருவிழா முடிந்து திறந்தபோது முதல்நாள் இருந்த காரம் அடங்கி, இனிப்பும் கசப்பும் ஒன்றாகியிருந்தன. அதிலிருந்து குறைந்தது மூன்று கிழமை வைத்துத்தான் திறக்கிறேன்.

ஐஸைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. குடாநாட்டுக் கிணற்றுநீர் சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்பது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படை எல்லா வீட்டிலும் தெரியும். அந்தத் தண்ணீரில் உறைந்த ஐஸ் கரையும்போது அந்தச் சுவையும் கிளாஸுக்குள் வரும். முதல் ஆறு மாதம், கடைசி மிடறு ஏன் சப்பென்று இருக்கிறதென்று கிறீமைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, படிந்ததை விட்டு வடித்து உறையவைத்தால் பெருமளவு சரியாகும். லிக்கருக்கான பாகுக்கும் அதே தண்ணீர்தான் எடுக்கிறேன். சின்னக் கட்டிகள் சித்திரை வெயிலில் பத்து நிமிடம் தாங்காது. சோறு கட்டும் சின்னப் பிளாஸ்ரிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, ஒரு கிளாஸுக்கு ஒரே பெரிய கட்டி போடுகிறேன். கிளாஸையும் அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வையுங்கள்.

கலக்கும் முறை எளிது. ஐஸின் மேல் வோட்காவும் லிக்கரும் விட்டு இரண்டு சுற்றுக் கிளறவும். பிறகு கரண்டியின் முதுகில் படும்படி கிறீமை மெல்ல விடவும். அடியில் இருப்பது சீனிப்பாகால் கனத்தது, கிறீம் அதைவிட இலேசு, அதனால் மேலே வெள்ளையாக நிற்கும். முழுதாகக் கலக்கிக் குடிப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது, கலக்காமல் ஓரத்தால் குடித்தால்தான் கிறீமும் கோப்பியும் வாயில் சந்திக்கும்.

ரொறன்ரோ மச்சாள் பால் வகைகள் தொடுவதில்லை. அவவுக்காகத் தேங்காய்ப்பாலில் செய்ய நிறைய முயன்றேன். புதிதாகப் பிழிந்த முதற்பால் வாசமாக இருக்கும், ஆனால் தேங்காய்க் கொழுப்பு 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். ஐஸில் பட்டதும் மெழுகுத் துணுக்குகள் மாதிரித் திரண்டு நாக்கில் ஒட்டும். ரின் தேங்காய்ப்பாலில் பிரியாமல் இருக்கச் சேர்மானம் போட்டிருப்பதால் அது கொஞ்சம் பரவாயில்லை. வோட்கா, லிக்கர், தேங்காய்ப்பால் மூன்றையும் ஐஸோடு போத்தலில் குலுக்கி வடித்துக் கொடுத்தால் குடிக்கலாம். "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது வேற குடிவகை அண்ணை" என்றா மச்சாள். எனக்கும் அதே எண்ணம்தான். தேங்காய்ப்பாலை வைற் ரஷ்யனின் இடத்தில் வைக்காமல் தனியாக ஒரு பானமாக ரசிக்கலாம்.

ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். இனிப்பும் கிறீமும் வோட்காவை முழுதாக மறைத்துவிடும். முன்பு சொன்ன பார் ஊழியர் சங்க அளவில் ஒரு கிளாஸில் சுத்த மதுசாரம் ஏறத்தாழ 19 கிராம் இருக்கிறது. கோப்பிப்பால் மாதிரி மடமடவென்று குடிக்கும் விருந்தாளிகளை நான் கண்டிருக்கிறேன். மோட்டார்சைக்கிளில் வந்தவருக்கு நான் ஊற்றுவதில்லை, படுத்து எழும்பிப் போகிறவருக்கு மட்டும்தான். ஒரு இரவுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. போத்தல் ஐஸ்கிறீம் மாதிரி மணப்பதால் பிள்ளைகளுக்கு எட்டாத மேல்தட்டில், பூட்டி வையுங்கள்.

செலவைப் பார்த்தால், இறக்குமதி லிக்கர் ஒரு போத்தல் வாங்கும் காசில் வீட்டில் இரண்டு தடவைக்கு மேல் லிக்கர் செய்ய முடிகிறது. வீட்டு லிக்கர் அலுமாரியில் ஆறு மாதம் இருந்தும் எனக்குக் கெடவில்லை, அடியில் கொஞ்சம் மண்டி மட்டும் படிந்தது.

இப்போது அலுமாரியில் இருப்பது ஒன்பதாவது போத்தல், செய்து இரண்டு கிழமை ஆகிறது. மச்சான் தைப்பொங்கலுக்கு வருகிறான். கலுவா கொண்டுவரட்டுமா என்று கேட்டான். அது வேண்டாம், பெரிய சதுர ஐஸ் அச்சு இரண்டு கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.