குடிக்கு வகுத்த அட்டவணையில் மெத்: ஒரு மறுவாழ்வு மையத்தில் 45 நாள்

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இயங்கும் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் என் தங்கை மகன், மெத் எனப்படும் மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருள் பழக்கத்திலிருந்து மீள 45 நாள் உள்நோயாளியாக இருந்தான். அவனுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். மையத்தின் பெயரைச் சொன்னால் ஊருக்குள் ஆளையும் அடையாளம் கண்டுவிடுவார்கள் என்பதால் அதைத் தவிர்க்கிறேன்.

இடத்தைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. கட்டணம் மாதம் 18,000 ரூபாய். மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் தனி. கழிப்பறைகள் சுத்தமாக இருந்தன. மதியம் மீன்கறியும் இரவு கஞ்சியும் பயறும் கிடைத்தன. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி பெற்ற பதிவுச் சான்றிதழ் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்த பிறகே முன்பணம் கட்டினேன்.

சிக்கல் என்னவென்றால், அங்குள்ள நடைமுறை முழுவதும் குடிநோயாளிகளுக்காக வகுக்கப்பட்டது. குடியை நிறுத்தியவருக்கு முதல் சில நாட்களில் கை நடுங்கும், தூக்கம் வராது, சிலருக்கு வலிப்புகூட வரும். மெத்தம்பெட்டமைனை நிறுத்தியவனோ அடித்துப் போட்டாற்போல் உறங்குவான். விழித்தால் அகோரப் பசி. அதன்பின் எதிலும் நாட்டமில்லாத மனச்சோர்வு வந்து வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். சேர்ந்த இரண்டாம் நாள், காலை 5:30 மணி யோகாவுக்கு எழவில்லை என்று ஊழியர் ஒருவர் மருமகனின் முகத்தில் தண்ணீரை ஊற்றி எழுப்பியிருக்கிறார். நான் சத்தம் போட்ட பிறகு, வாரம் இருமுறை மட்டுமே வரும் மனநல மருத்துவர் அவனை உறங்க விடும்படி எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரியை வாங்குவதற்கு மூன்று நாள் ஆயிற்று.

அவன் அறையின் ஜன்னல் தோட்டத்தைப் பார்த்தபடி இருந்தது. விடியுமுன் பால் வெட்ட வருபவர்களின் தலைவிளக்குகள் மரங்களுக்கிடையே நகர்வதைக் கண்டு, தன்னைப் பிடிக்கப் போலீஸ் வந்துவிட்டதாக அவன் நம்பினான். பூட்டுத் துவாரத்தில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தான். அதெல்லாம் பிரமை என்று நாங்கள் வீட்டில் வாதாடித் தோற்றிருந்தோம். அங்கிருந்த இளம் ஆலோசகர் வாதாடவில்லை. எத்தனை விளக்குகள், எந்தப் பக்கமாகப் போயின என்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, அன்றே அவனைச் சாலையோர அறைக்கு மாற்றச் செய்தார். தானே சிகிச்சைக்கு முன்வருபவருக்குப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு சில நிபந்தனைகளோடு வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிப்பதையும் அவனுக்கு விளக்கினார். மருத்துவர் தந்த மாத்திரையும் சேர்ந்து, பத்தாம் நாள் வாக்கில் சந்தேகம் அடங்கியது. எல்லோருக்கும் அப்படி அடங்கிவிடுவதில்லை என்றும், நீடித்தால் அதைத் தனி மனநோயாகவே கருதிச் சிகிச்சை அளிக்க வேண்டியிருக்கும் என்றும் மருத்துவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். மெத் ஏக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் வரவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே அவரிடம் எனக்கு மதிப்பு கூடியது.

மருந்து இல்லாத இடத்தில் பேச்சுவழிச் சிகிச்சைதான் பெரும்பங்கு வகிக்க வேண்டும். ஆனால் குழு அமர்வில் குடியைப் பற்றியே பேச்சு. ஒன்பது பேர் நடுவில் மெத்துக்காக வந்தவன் இவன் ஒருவன்தான். தனி அமர்வு வாரத்துக்கு ஒன்று. அதில் ஆலோசகர் சொன்ன ஒரு செய்தி அவனைப் பிடித்துக்கொண்டது: மெத் சிதைத்த டோபமின் கடத்திகள் (மகிழ்ச்சி, ஊக்கம் ஆகியவற்றோடு தொடர்புள்ள டோபமின் என்ற மூளை வேதிப்பொருளைக் கையாளும் புரதங்கள்), ஓராண்டுக்கு மேல் அதைத் தொடாதவர்களிடம் கணிசமாக மீண்டிருப்பதை மூளை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியுள்ளன. இப்போது எதிலும் சுவை தெரியாதது நிரந்தரமல்ல என்று அவன் அம்மாவிடம் அவனே சொன்னான்.

வீடு திரும்பிய பிறகுதான் உண்மையான சோதனை தொடங்கியது. மையத்தார் கையில் கொடுத்தது ஒரு மாத்திரைச் சீட்டும், வாரந்தோறும் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வரச் சொன்ன குறிப்பும் மட்டுமே. மூன்றாம் வாரம் ஓர் இரவு, வாழ்வதில் அர்த்தமில்லை என்று அவன் சொன்னபோது மையத்தின் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே அரை மணி நேரம் பேசினார்கள். மறுநாள் காலை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இந்தச் சோர்வு வரும், இரவில் தனியே விடாதீர்கள் என்று வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லியிருக்க வேண்டாமா?

சிறுநீர்ப் பரிசோதனையையும் மையத்தார் ஆளைப் பிடிப்பதற்கான கருவியாகவே பயன்படுத்துகிறார்கள். போதைப்பொருள் இல்லை என்று முடிவு வரும் ஒவ்வொரு முறையும் சிறு பரிசு தருவதே மெத் பழக்கத்தில் அதிகப் பயன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆலோசகரிடம் கேட்டுக்கொண்டு நானே தொடங்கினேன்: முடிவு சுத்தமாக வந்தால், பைக்குக்கு நூறு ரூபாய்க்குப் பெட்ரோல். கைலஞ்சம் என்று மச்சினன் சிரித்தான். பதினோரு வாரமாகப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். குடிப்பழக்கம் என்றால் நான்கு தந்திருப்பேன். மெத்துக்காகச் சேர்ப்பவர்கள், தனி அமர்வு வாரத்துக்கு எத்தனை, இரவில் தொலைபேசியை எடுப்பவர் யார் என்ற இரண்டையும் பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.