எழுதி நிரப்பும் புத்தகமா, கூடிப் படிக்கும் புத்தகமா?

மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு "நான் ஆணா, பெண்ணா, யார்மேல் எனக்கு ஈர்ப்பு" என்ற கேள்வி எழுந்தால் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது? வாசகரையும் பங்கேற்க வைக்கும் அபுனைவில் இரண்டு வகைகளைப் பார்க்கிறேன்.

ஒன்று பயிற்சி நூல். அமெரிக்கரான கேட் பார்ன்ஸ்டீன் 1998-இல் பாலினம் பற்றி வெளியிட்டது பெயர்பெற்றது. கேள்விகளுக்கு விடையை வாசகரே தேட வேண்டும். "எந்தப் பெயரில் கூப்பிட்டால் உனக்கு மனம் குளிரும்?" என்பது போன்ற கேள்விக்கு நேற்று எழுதிய பதிலை இன்று அடித்துவிடலாம், மதிப்பெண் போட யாருமில்லை. பாலின அடையாளம் வேறு, பாலீர்ப்பு வேறு என்பது எழுத எழுதத் தெளிவாகும். ஆனால் அந்த நோட்டை எங்கே ஒளிப்பது? பீரோ சாவி அம்மாவின் இடுப்பில். புத்தகப் பையை யார் வேண்டுமானாலும் திறப்பார்கள். சிக்கினால் படிப்பே நின்றுவிடக்கூடும். இந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மற்றொன்று, தன்வரலாற்றைக் கூடிப் படிப்பது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்த திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யாவின் வாழ்க்கைக் கதை 2007 முதல் தமிழில் கிடைக்கிறது. எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒருவர் உரக்கப் படிப்பார், இடையில் நிறுத்தி, "உங்கள் வீட்டில் இதற்கு என்ன சொல்லியிருப்பார்கள்?" என்று கேட்போம். திருவையாற்றிலிருந்து வரும் மாணவர் ஒருவர் வெகுநாள் வாயே திறக்கவில்லை. ஒருநாள், வித்யா வீட்டைவிட்டுப் போகும் பகுதி வந்ததும் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். பாதியில் குரல் கம்மியது. பக்கத்திலிருந்த அக்கா விரலை வரியில் வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அடுத்த வாரம் அந்த மாணவர் தன்னைப் பற்றியே பேசினார். அடுத்தவர் கதையின் நிழலில் நின்று தன் கதையைச் சொல்ல முடிகிறது. எந்தத் தடயமும் மிஞ்சுவதில்லை. குறையும் உண்டு: திருநங்கையர் எழுதியவை கிடைக்கும் அளவுக்குத் திருநம்பியர் (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்ட ஆண்கள்), பெண்ணை விரும்பும் பெண்கள் எழுதியவை தமிழில் கிடைப்பதில்லை. அவர்களுக்குப் பயிற்சி நூலின் கேள்விகளே துணை.

டென்மார்க்கில் 2000-இல் தொடங்கிய மனித நூலகமும் உண்டு; மனிதரே புத்தகமாக அமர்ந்து பதில் சொல்வார். "யார் வீட்டுப் பிள்ளை?" என்று முதலில் விசாரிக்கும் ஊர்களுக்கு அது இப்போதைக்கு ஒத்துவராது.

என் தேர்வு கூடிப் படிப்பதுதான். பயிற்சி நூலின் கேள்விகளை அங்கே வாய்மொழியாகக் கேட்கலாம். பாலினம், பாலீர்ப்பு பற்றிப் பேச 2022-இல் தமிழ்நாடு அரசிதழில் வந்த சொற்பட்டியல் இருப்பதால் கண்ணியமான தமிழிலேயே கேட்கலாம். திருச்சியிலோ சென்னையிலோ விடுதி அறையும் சொந்தப் பூட்டும் கிடைத்த பிறகு எழுதத் தொடங்கட்டும். நூலகங்கள் தன்வரலாற்றில் இரண்டு மூன்று பிரதிகளாவது வைக்க வேண்டும். பயிற்சி நூலை இரவல் கொடுத்தால் முன்னவர் எழுதியது அடுத்தவர் கண்ணில் படும். கேள்விகளை மட்டும் தனித்தாளில் கொடுத்தால் போதும்.