சர்க்கரை நோய்க்கான மரபணுப் பரிசோதனை: முடிவு உருப்படி, விளக்கம்தான் அரைகுறை

கல்லூரியில் படிக்கும்போதே சர்க்கரை வந்ததால் டைப் 1 என்று எழுதி, இன்சுலின் ஊசியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அப்பாவுக்கும் முப்பது வயதுக்குள் வந்தது, பாட்டிக்கும் அப்படியே. டைப் 1-க்கு அடையாளமான ஆன்டிபாடி ஒன்றுகூட இல்லை. இத்தனை வருடம் கழித்தும் சி-பெப்டைடு நன்றாகவே இருந்தது. அதாவது கணையம் இன்னும் சொந்தமாக இன்சுலின் சுரக்கிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்த புது மருத்துவர்தான் மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு தனியார் ஆய்வகத்தில் செய்தேன். சர்க்கரையோடு தொடர்புள்ள மரபணுக்களின் ஒரு பட்டியலையே பார்க்கும் சோதனை இது.

ரத்தம் எடுத்ததில் குறையில்லை. யாருக்கு எந்த வயதில் சர்க்கரை வந்தது என்று குடும்ப விவரம் விரிவாகக் கேட்டார்கள், அது பிடித்தது. சொன்ன தேதியில் அறிக்கை வரவில்லை. நாமே போன் போட்டுத் துரத்த வேண்டும்.

முடிவு: ஹெச்என்எஃப்1ஏ மரபணுவில் நோய் உண்டாக்கும் மாற்றம். அறிக்கையில் இதற்கு மேல் ஒரு வரி விளக்கம் இல்லை. ஆலோசனை என்ற பெயரில் வந்த போன் அழைப்பில், அந்த அறிக்கையையே எனக்கு வாசித்துக் காட்டினார்கள்!

மருத்துவர் சொல்லித்தான் புரிந்தது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் குளுக்கோஸ் எரிந்து, ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி கூடினால், செல் சவ்வில் உள்ள பொட்டாசியம் வாயில் மூடிக்கொள்ளும். உடனே கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் வெளியேறும். ஹெச்என்எஃப்1ஏ கெட்டால் குளுக்கோஸை எரிக்கும் முதல் கட்டமே மந்தமாகிவிடுகிறது. சல்போனைல்யூரியா மாத்திரை நேராகப் போய் அந்த வாயிலை மூடுகிறது, பழுதான கட்டத்தைத் தாண்டிக்கொண்டு. அதனால்தான் இந்த வகைக்குக் குறைந்த அளவே நன்றாக வேலை செய்கிறது. மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாக ஊசியை விட்டு மாத்திரைக்கு மாறியிருக்கிறேன். முதலில் சர்க்கரை கொஞ்சம் தாழ்ந்தது, அளவைக் குறைத்ததும் சரியானது.

அதே பட்டியலில் இருக்கும் ஜிசிகே மரபணுவில் மாற்றம் இருந்திருந்தால் கதையே வேறு. குளுக்கோஸை அளக்கும் குளுக்கோகைனேஸ் நொதி கொஞ்சம் தாமதமாக விழிக்கும், வெறும் வயிற்றுச் சர்க்கரை லேசாக உயர்ந்தே நிற்கும், அவ்வளவுதான். கர்ப்ப காலம் தவிர பெரும்பாலும் மருந்தே வேண்டாம். பிறந்து 6 மாதத்துக்குள் சர்க்கரை வரும் குழந்தைகளுக்கோ இந்தச் சோதனை கட்டாயம். பொட்டாசியம் வாயிலின் கேசிஎன்ஜே11 மரபணுதான் பலருக்குக் காரணம் என்று 2004-இல் தெரியவந்த பிறகு, அவர்களில் நிறையப் பேர் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறினார்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். நடுத்தர வயதில், உடல் எடை கூடி வந்த வழக்கமான டைப் 2 என்றால் இதற்குச் செலவழிக்க வேண்டாம்.

இன்னொன்று, பெற்றோரில் ஒருவரிடம் என்னுடையது போன்ற ஹெச்என்எஃப்1ஏ மாற்றம் இருந்தால், அது பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. என் தங்கைக்கும் பார்க்கக் கேட்டபோது மொத்தப் பட்டியலையும் மறுபடி செய்யச் சொன்னார்கள். தேவையே இல்லை. என்னிடம் கண்ட அந்த ஒரு மாற்றம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், அப்படியே எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள்.