பத்து வருட மறுவாசிப்பில் ‘தி ஹாபிட்’: அந்த வாத்தியங்கள் எங்கே போயின?

டோல்கீனின் ‘தி ஹாபிட்’ நாவலைப் பத்து வருடங்களாக வருடம் ஒரு முறையாவது படித்துவிடுகிறேன். ஒரே பிரதிதான். முதுகு விரிந்து, முதல் அத்தியாயம் தனியாகக் கழன்று கையோடு வருகிறது. கதை மனப்பாடம். அதனால் இப்போதெல்லாம் கண் சின்னச் சின்ன விஷயங்களில்தான் போய் நிற்கிறது.

நான்காவது முறை படிக்கும்போது மாட்டியது இது. கதாநாயகன் பில்போ ஒரு ஹாபிட், அதாவது குட்டை உருவ இனத்தவன். அவன் வீட்டு விருந்து முடிந்ததும், டிராகனிடமிருந்து பொக்கிஷத்தை மீட்கக் கிளம்பும் குள்ளர்கள் பாடத் தயாராகிறார்கள். கீலியும் ஃபீலியும் ஓடிப்போய்ப் பைகளிலிருந்து ஃபிடில் எடுத்துவருகிறார்கள். டோரி, நோரி, ஓரி மூவரின் கோட்டுக்குள்ளிருந்தும் புல்லாங்குழல் வருகிறது. கைத்தடிகளுக்கு நடுவே வைத்திருந்த கிளாரினெட், ஒரு மேளம், குள்ளர்களின் தலைவன் தோரினின் தங்க ஹார்ப். பாலினும் டுவாலினும் தூக்கிவருவதோ அவர்கள் உயரமே இருக்கும் தந்தி வாத்தியங்கள்! மறுநாள் மட்டக்குதிரைகளில் பயணம். அப்புறம் இவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. மலைக்குகையில் கோப்ளின்கள் என்னும் பொல்லாத பூதங்கள் மூட்டைகளைப் பிரித்துக் கிளறுகிற இடத்தை வரிவரியாகத் தேடினேன். அங்கும் இல்லை. அந்தக் குகையில்தான் போயிருக்கும் என்று நானே முடிவுசெய்துகொண்டேன், ஆனால் மனம் ஆறவில்லை.

இப்படித் துருவிப் படிப்பவர்கள் தங்கள் கையிலிருப்பது எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்வது நல்லது. 1937இல் வந்த முதல் பதிப்பில், குகை இருட்டில் பில்போவோடு நடக்கும் புதிர்ப் போட்டியில் தோற்றால் தன் மாய மோதிரத்தைப் பரிசாகக் கொடுக்கத்தான் அங்கே வாழும் கோல்லும் நினைத்திருப்பான். அதைக் காணோம் என்றதும் மன்னிப்புக் கேட்டு வெளியே போக வழியும் காட்டுவான். 1951 பதிப்பில் டோல்கீன் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினார். பிறகு வந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முன்னுரையில், பழைய வடிவத்தை பில்போ சொன்ன பொய்யாகவே ஆக்கிவிட்டார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த இருட்டு அத்தியாயத்தைப் பழைய மாதிரி படிக்கவே முடியவில்லை; பில்போ பேசும் ஒவ்வொரு வாக்கியத்தையும் சந்தேகத்தோடு பார்க்கிறேன். முதல் அத்தியாயத்தில் மந்திரவாதி காண்டால்ஃப் கேட்கும் தக்காளிகூட 1966 பதிப்பில் ஊறுகாயாகிவிட்டது.

வாத்தியங்களுக்கு வருகிறேன். போன முறை படித்தபோது பதின்மூன்றாம் அத்தியாயத்தில் பென்சில் நின்றது. டிராகன் வெளியே போன நேரம் பொக்கிஷ அறைக்குள் நுழைகிறார்கள். சுவரில் வெள்ளித் தந்தி கட்டிய தங்க ஹார்ப்கள் தொங்குகின்றன. டிராகனுக்கு இசையில் நாட்டமில்லாததால் யாரும் தொடாமல், இன்னும் சுருதி கலையாமல் இருக்கின்றன. அவற்றை எடுத்து மீட்டுவது யார் தெரியுமா? ஃபீலியும் கீலியும். முதல் நாள் ஃபிடிலுக்கு ஓடிய அதே இரண்டு பேர். ஒன்பது முறை இந்தப் பக்கத்தைக் கடந்து போயிருக்கிறேன்.