கட்டம் போட்ட நோட்டும் ஊடு புள்ளியும்: 7 வருட அனுபவம்

பலகை விளையாட்டுகளை யோசித்து எழுதி வைப்பது எனக்கு 7 வருடப் பழக்கம். பகடை, சீட்டு, கதை எதுவும் கிடையாது. சதுரங்கம் மாதிரி கட்டமும் காயும் மட்டும். இதுவரை 11 நோட்டு தீர்ந்திருக்கிறது. உள்ளே இருநூறு சொச்சம் யோசனைகள். வீட்டில் இன்றும் ஆடுவது மூன்றே மூன்று. எந்த நோட்டு கைகொடுத்தது, எது காலை வாரியது என்று சொல்லி வைத்தால் இதே கிறுக்கு உள்ள யாருக்காவது உதவும்.

முதல் 4 நோட்டும் பிள்ளைகள் வாங்கும் கட்டம் போட்ட கணக்கு நோட்டு. விலை குறைவு, தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும், கோடு கிழிக்கிற வேலையும் மிச்சம். அதுவே வினையாகப் போயிற்று. தாளைத் திறந்ததும் சதுரம் தயாராக இருந்ததால், ஒன்றரை வருடம் சதுரப் பலகையைத் தவிர எனக்கு வேறெதுவும் தோன்றவே இல்லை.

3-ஆம் நோட்டில் 'எறும்பு வரிசை' என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. 9-க்கு 9 கட்டம். ஒருவர் மேலிருந்து கீழே, மற்றவர் இடமிருந்து வலம், தன் காய்களைத் தொடராகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இது ஒன்றுக்கே 14 பக்கம் செலவு. சிக்கல் எப்போதும் நான்கு கட்டங்கள் கூடும் மூலையில்தான் வரும். குறுக்காக எனக்கு இரண்டு காய், எதிராளிக்கு இரண்டு காய் நிற்கிறது என்று வையுங்கள். மூலை வழியாகத் தொட்டால் செல்லும் என்றால் இருவர் பாதையும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். செல்லாது என்றால் இருவருமே அடைபட்டு ஆட்டம் அந்தரத்தில் நிற்கும். விதிக்கு மேல் விதியாக ஒட்டுப் போட்டுப் பார்த்தேன். கிழிந்ததுதான் மிச்சம்.

இதற்கான விடை 1942-லேயே வந்துவிட்டதாம். டென்மார்க்கின் பீட் ஹெய்ன் உருவாக்கிய ஹெக்ஸ், இதே மாதிரி கரையோடு கரை சேர்க்கிற விளையாட்டு. 1948-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணித மேதை ஜான் நாஷ் தனியாக அதையே கண்டுபிடித்தார். அறுகோணக் கட்டங்களில் ஒரு மூலையில் மூன்று கட்டங்கள்தான் கூட முடியும். அதனால் பலகை நிறைந்தால் ஒருவர் கட்டாயம் கரை சேர்ந்திருப்பார். சமன் என்ற பேச்சே இல்லை. ஹெய்னின் விளையாட்டை அச்சடித்த தாள் கட்டாகவும் விற்றிருக்கிறார்கள், பென்சிலால் குறித்து ஆடுவதற்காக. அதைப் படித்த அன்றுதான், நான் மாற்ற வேண்டியது தாளை என்று உறைத்தது.

சரி, அறுகோணத் தாளுக்கு எங்கே போவது? ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டேன். 5-ஆம் நோட்டு அது. கோடுகள் கறுப்பாக விழுந்ததில் பென்சில் குறி கண்ணுக்கே தெரியவில்லை. அடுத்த முறை சாம்பல் நிறத்தில் கேட்டேன். "டோனர் தீர்ந்துபோன மாதிரி இருக்கும் சார்" என்றார் கடைக்காரர். அதேதான் வேண்டும் என்றேன்.

அதையும் அம்மா தோற்கடித்துவிட்டார். நான் ஸ்கேல் வைத்து முக்கோணமாகப் புள்ளி குத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, இதுதான் ஊடு புள்ளி" என்று தன் கோல நோட்டைக் கொண்டுவந்து போட்டார். '15 புள்ளி, ஊடு புள்ளி, 8-இல் நிறுத்தவும்.' நடு வரிசையில் 15. மேலும் கீழும் 14, 13 என்று குறைந்து 8-இல் நிற்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கட்டம் என்று கொண்டால் ஒவ்வொரு ஓரத்திலும் 8 கட்டம் உள்ள அறுகோணப் பலகை, மொத்தம் 169 இடம். நெதர்லாந்தின் கிறிஸ்டியான் ஃப்ரீலிங் உருவாக்கிய ஹவானா என்ற பலகை விளையாட்டைப் புதிதாகப் பழகுகிறவர்கள் ஆடுவதும் இதே அளவுப் பலகையில்தான். எங்கள் வாசலில் அது மார்கழிதோறும் கிடந்திருக்கிறது, நான் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். 6-ஆம் நோட்டிலிருந்து எனக்குப் புள்ளி மட்டும்தான்.

கோடே இல்லாத வெள்ளை நோட்டும் ஒன்று வைத்திருக்கிறேன். ஆடு புலி ஆட்டத்தின் 23 புள்ளிகளை எந்தக் கட்டத் தாளிலும் ஒழுங்காக உட்கார வைக்க முடியாது. 3 புலி, 15 ஆடு என்று இரு பக்கமும் வேறு வேறு பலம் உள்ள யோசனைகளை எல்லாம் அதில்தான் எழுதுகிறேன்.

அப்புறம் நோட்டின் தையல். சோதித்துப் பார்க்கும்போது என் காய்கள் துவரம்பருப்பும் முழுக் கறுப்பு உளுந்தும். உடைத்த பருப்பு தட்டையாக உட்காரும். உளுந்து நடு மடிப்பில் உருண்டு ஓடிவிடும். பாதி ஆட்டத்தில் ஏழு கறுப்புக் காய்கள் பள்ளத்தில் கிடந்தால் என்ன முடிவுக்கு வருவது? பலகைக்கு ஸ்பைரல்தான் சரி. ஆனால் பையில் வைத்தால் கம்பி நெளிந்துகொள்கிறது, அதற்கு வழி கிடைக்கவில்லை. இன்னொன்று: ஜெல் பேனா வேண்டவே வேண்டாம். தண்ணீர் பாட்டில் மூடி சரியாக மூடாத ஒரு நாளில் 7-ஆம் நோட்டின் முதல் 20 பக்கம் நீலக் குட்டையாகிவிட்டது.

ஆரம்ப நோட்டுகளில் நான் செய்த பெரிய தப்பு, விதிகளை மட்டும் எழுதியது. ஏன் கைவிட்டேன் என்று ஒரு வரிகூட இல்லை. விளைவு, 2-ஆம் நோட்டில் செத்துப்போன விளையாட்டை 6-ஆம் நோட்டில் புதுசு என்று நினைத்து மறுபடி பெற்றெடுத்து, அதே இடத்தில் சாகக் கொடுத்தேன். இப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி: தேதி, யாரோடு, எத்தனை நகர்வு, முதலில் ஆடியவர் ஜெயித்தாரா, எங்கே கொட்டாவி வந்தது. 'தங்கையோடு, 44, முதலாமவர், 31-இல் கொட்டாவி.' இது போதும், பக்கம் உயிரோடு இருக்கும். பலகை விளையாட்டுகளை உருவாக்கிய அமெரிக்காவின் சிட் சாக்சன் பொறியாளர் வேலை பார்த்துக்கொண்டே பல பத்தாண்டுகள் விளையாட்டு டைரி எழுதியவர். அவை இப்போது ராச்செஸ்டர் நகரின் ஸ்ட்ராங் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எனக்கு அவ்வளவு ஆசை இல்லை, அடுத்த மாதம் எனக்கே புரிந்தால் சரி.

டேப்லெட்டிலும் நான்கு மாதம் எழுதிப் பார்த்தேன். அழித்து எழுதுவது அவ்வளவு சுலபம், அதனால் தப்பு எதுவும் மிஞ்சவில்லை. விட்டுவிட்டேன்.

12-ஆம் நோட்டு வாங்கியாகிவிட்டது, சாம்பல் புள்ளி, ஸ்பைரல். அதில் முதல் பக்கத்தை அம்மாவின் கோல நோட்டைப் பார்த்துத்தான் குத்திக்கொண்டிருக்கிறேன். மார்கழிக்கு முன்னால் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று கண்டிஷன் போட்டிருக்கிறார்.