கன்ட்ரோல் கீ கைக்கு வராம கோர் பூட்டுக்கு முழு காசையும் குடுத்துடாதீங்க

கோவத்துல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. ரெண்டு மாச சம்பளம் போச்சு. என் சம்பளம். முதலாளி "நீதானப்பா பாத்து ஓகே சொன்ன"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டார்.

ஒரு சின்ன ஆபீஸ்ல அட்மின் வேலை எனக்கு. 12 கதவு, எல்லாத்துலயும் கோரை, அதாவது சாவி நுழையுற உருளையை, மட்டும் கழட்டி மாத்துற டைப் பூட்டு, முன்னாடி இருந்து பாத்தா 8 மாதிரி தெரியுமே, அது. தெரியாதவங்களுக்கு சொல்றேன், இதுல பூட்டைக் கழட்டவே வேண்டாம். கன்ட்ரோல் கீன்னு தனியா ஒரு சாவி இருக்கும், அதை விட்டு 15 டிகிரி திருப்பி இழுத்தா கோர் அப்படியே கையோட வந்துடும், அதே மாதிரி புதுக் கோரை சொருகி சாவியைத் திருப்பி எடுத்துட்டா வேலை முடிஞ்சது. யாராவது சாவியோட வேலையை விட்டுப் போயிட்டா நிமிஷத்துல மாத்திக்கலாம். எங்க ஆபீஸ்லயும் அதேதான், ரெண்டு பேர் சாவியைத் திருப்பிக் குடுக்காமலே போயிட்டாங்க, எல்லாத்தையும் மாத்துன்னு உத்தரவு.

கதவு சாமான் விக்கிற ஒரு ஆன்லைன் கடைல விசாரிச்சேன், பேரு வேண்டாம். போன் எடுத்த ஆளு கேட்ட முதல் கேள்வியே "சார், உங்களுது 6 பின்னா 7 பின்னா?" பின்னுங்கறது கோருக்குள்ள சாவி தூக்குற குட்டிக் கம்பிங்க. அங்கதான் நான் கவுந்தேன். அதுக்கு முன்னாடி பேசுன மூணு கடைல ஒருத்தன் கூட இதைக் கேக்கல, இவருக்குத் தொழில் தெரியும்னு நினைச்சிட்டேன். 7ன்னு சொன்னேன். கன்ட்ரோல் கீ கூடவே வருமான்னு கேட்டதுக்கு, "அதை எப்பவும் சரக்கோட சேத்து அனுப்ப மாட்டோம் சார், வழில யாராவது எடுத்துட்டா உங்க 12 கதவும் அவன் கைல, தனியா கூரியர்ல வரும்"னார். எவ்ளோ பொறுப்பான மனுஷன்னு வீட்ல வேற போய் சொன்னேன், நினைச்சா இப்ப என்னையவே அறையணும் போல இருக்கு.

மாட்டுறதுக்கு ஒரு தம்பி வந்தான். எங்க பழைய கன்ட்ரோல் கீயை வாங்கி பழைய கோரையெல்லாம் எடுத்தான், கழுத்துல சிவப்புக் கயித்துல கட்டியிருந்த சாவியை வெச்சு புதுசை சொருகினான், ஒரு மணி நேரம் கூட ஆகல. பழசு எக்ஸ்சேஞ்ச்ல கழிச்சாச்சுன்னு எங்க கீயோட சேத்து பைல போட்டுக்கிட்டான். அந்தக் கயித்துச் சாவியைக் குடுத்துட்டுப் போப்பான்னேன். "இது கம்பெனி சாவி சார், உங்களுது கூரியர்ல வருது"ன்னான். சரின்னு முழுக் காசையும் அனுப்பிட்டேன்.

மறுநாளே ரெண்டு கதவுல சாவி சுத்துது, நாக்கு அசையல. போன் பண்ணா "புதுசு சார், டைட்டா இருக்கும், எண்ணெய் விடுங்க". சாவி வழவழன்னு சுத்துது, எங்கய்யா டைட்டு? நாலு நாள் கழிச்சு "கூரியர் கிளம்பிடுச்சு". அப்புறம் "அந்த செக்‌ஷன் ஆளு லீவு". அப்புறம் "டிக்கெட் போட்டாச்சு சார், வெயிட் பண்ணுங்க".

பெரிய இடி அடுத்த வாரம். கிளீனிங் அக்கா வந்து, "ஸ்டோர் ரூம் சாவியை மாத்தி அக்கவுண்ட்ஸ் ரூம்ல போட்டுட்டேன் சார், திறந்துக்குச்சு"ன்னாங்க. நான் நம்பல. அந்த ஒரு சாவியை எடுத்துக்கிட்டு கதவு கதவா போனேன். 12லயும் போகுது. சாவில 1, 2, 3ன்னு அழகா நம்பர் அடிச்சு வேற குடுத்திருக்கானுங்க. ஒரு கோரோட முகத்தை நகத்தால சுரண்டுனேன், வெள்ளிப் பெயிண்ட் உரிஞ்சு அடில பச்சை. அப்படின்னா என்னன்னு எனக்கு அப்ப தெரியாது.

போட்டோ அனுப்புனேன். "நீங்கதானே சார் எல்லாத்துக்கும் ஒரே சாவி கேட்டீங்க"ன்னு பதில். நான் கேட்டது மாஸ்டர் கீ! அது ஒருத்தர் கைல இருக்குற சாவி எல்லாக் கதவையும் திறக்கணும், மத்தவங்க சாவி அவங்கவங்க கதவை மட்டும் திறக்கணும். இதை விளக்கி ஒரு பக்கம் எழுதுனேன், என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. ரெண்டு மாச சம்பளத்தை வாங்கிக்கிட்டு பிளாக்.

நேத்து ஒரு வயசான சாவிக்காரரைக் கூட்டிட்டு வந்தேன். பாத்த உடனே சிரிச்சார். கட்டிடம் கட்டும்போது வேலையாளுங்க போய் வர தற்காலிகமா மாட்டுற கோராம் இது, ஒரே சாவி எல்லாத்துக்கும் போறது அதனாலதான், மத்ததோட கலந்துடக் கூடாதுன்னு கலர் அடிச்சிருப்பாங்களாம். கட்டிடம் முடிஞ்சதும் கழட்டிட்டு நிஜக் கோர் போடணும். அதை பெயிண்ட் அடிச்சு எனக்கு வித்திருக்கானுங்க. அந்த ரெண்டு கதவுல 6 பின் கோர், நீளம் கம்மி, பின்னாடி பூட்டைத் திருப்புற ரெண்டு கம்பி கோரோட ஓட்டைக்கு எட்டவே இல்ல. 6ஆ 7ஆன்னு கேட்டது அவன்தான், அதான் எனக்கு இன்னும் எரியுது.

"கன்ட்ரோல் கீ எங்க?"ன்னார். இல்லைன்னேன். மனுஷன் முகம் மாறிடுச்சு. அந்தக் கீ வெச்சிருக்கவன் கதவுச் சாவியே இல்லாம கோரை உருவிட்டு ஒரு ஸ்க்ரூ டிரைவரை உள்ள விட்டுத் திருப்பினா கதவு திறந்துடுமாம். கைப்பிடிக்குள்ள கோர் இருக்குற மாடல் எங்களுது, கோர் வராம கைப்பிடியும் கழலாது, அதனால டிரில்லுதான். ரெண்டு கதவுல போட்டார். பித்தளைத் தூள் தரையெல்லாம் கொட்டுச்சு, அந்தச் சத்தம் இன்னும் காதுலயே இருக்கு. அதுக்குக் கூலி, ரெண்டு புதுக் கோர், எல்லாம் அந்த ரெண்டு மாச சம்பளம் போக தனிச் செலவு.

வாங்குறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், முடியல, நினைவுல இருக்குறதை சொல்றேன். கன்ட்ரோல் கீ உங்க கைக்கு வந்து, நீங்களே ஒரு கோரை உருவி திருப்பி மாட்டிப் பாத்த பிறகு மிச்சக் காசு குடுங்க. எல்லா சாவியையும் எல்லாக் கதவுலயும் போட்டுப் பாருங்க, சோம்பல் படாதீங்க. பழைய கோரையும் பழைய கன்ட்ரோல் கீயையும் எக்ஸ்சேஞ்சுன்னு தூக்கிக் குடுத்துடாதீங்க. 8 வடிவச் சின்ன கோர் பல கம்பெனி பூட்டுல ஒண்ணுக்கொண்ணு சேரும், பெரிய சைஸ் கோர் அப்படி இல்ல, அந்தந்த கம்பெனிக்கு அது அது, கேட்டு வாங்குங்க. வேற ஏதோ கூட சொன்னார் அந்தப் பெரியவர், மறந்துட்டேன்.

மிச்சம் 10 கதவுல இன்னும் அதே பச்சைக் கோர்தான், எடுக்கக் காசு இல்ல. அந்தத் தம்பி கழுத்துச் சாவி எங்க சுத்துதோ தெரியல. அக்கவுண்ட்ஸ் ரூமுக்கு மட்டும் கொண்டி அடிச்சு ஒரு தொங்கு பூட்டு போட்டிருக்கேன், தினமும் சாயங்காலம் அதை நானே நாலு தடவை இழுத்துப் பாத்துட்டுதான் கிளம்பறேன்.